பில்ட் பைப்லைன் பாதுகாப்பு வேலை: ஹட்டன் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். இப்போது கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு ஹட்டனில் வீட்டிலிருந்தே மென்பொருள் பொறியியலாளராக வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் உயர்தரம் எழுதிய பிள்ளைகள் சிலர் கணினி படிக்க வருவார்கள். என் வேலையைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, நீங்கள் செய்கிற வேலைதான் என்ன?

ஒருவர் எழுதிய கோட், அதாவது நிரல் வரிகள், பாவிக்கிறவரின் போனுக்கோ ஒரு வங்கியின் சேர்வருக்கோ போய்ச் சேரும்வரை நடுவில் ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதும், கை வைத்தால் தெரியவருமாறு செய்வதும் என் வேலை. அப் எழுதுவது என் வேலை இல்லை. எழுதியது எழுதியபடியே போய்ச் சேர்ந்ததா என்பதுதான் என் கவலை.

பில்ட் பைப்லைன் என்கிறீர்களே, அது என்ன?

ஸ்டோருக்குள் போயிருப்பீர்கள். பச்சைக் கொழுந்து முதலில் மேல்மாடியில் வாடும். அப்புறம் ரோலரில் நசுங்கும், நொதிக்கும், டிரையரில் காயும், சல்லடையில் பிஓபி, பிஓபிஎப், டஸ்ட் என்று தரம் தரமாகப் பிரியும். கடைசியில் சாக்கு.

கோடுக்கும் இதே மாதிரிப் பாதைதான். ஒருவர் தன் மாற்றத்தைக் கொமிட் செய்து, அதாவது பதிந்து, அனுப்பியவுடன் எங்கோ ஒரு கணினி தானாக எழும்புகிறது. அதை ரன்னர் என்போம். அது கோடை இறக்குகிறது, தேவையான நூலகங்களை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோடை, இணையத்திலிருந்து எடுக்கிறது, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது (அதுதான் கம்பைல்), சோதனைகளை ஓட்டுகிறது, பொதி கட்டுகிறது, டிஜிட்டல் கையொப்பம் வைக்கிறது, வெளியே அனுப்புகிறது. இப்படிக் கோடைப் பொதியாக்குவதுதான் பில்ட், அந்த முழுப் பாதைதான் பைப்லைன். கிட்ஹப் எக்ஷன்ஸ், கிட்லேப், ஜென்கின்ஸ் எல்லாம் இதைச் செய்யும் கருவிகள்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஸ்டோரில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் நிற்பார். நொதிப்பு போதுமா என்று அப்பா மணத்தை வைத்தே சொல்லிவிடுவார். பைப்லைனில் அப்படி யாரும் நிற்பதில்லை. பச்சை விளக்கு எரிந்தால் எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

பில்ட் செய்யும் கணினியைத் தாக்கி ஒருவனுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

ஒரு வீட்டுக் குழாயில் நஞ்சைக் கலந்தால் ஒரு வீட்டுக்குத்தான் பாதிப்பு. மேலே தண்ணீர்த் தாங்கியில் கலந்தால் லயத்து வரிசை வீடுகள் முழுவதும் குடிக்கும். பில்ட் கணினிதான் அந்தத் தாங்கி.

2020இல் சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் எவரும் மறக்கமாட்டார்கள். அவர்களுடைய ஓரியன் என்ற மென்பொருள் பெரிய நிறுவனங்களின் வலையமைப்பைக் கண்காணிக்கப் பயன்பட்டது. உள்ளே புகுந்தவர்கள் கோடைச் சேமித்துவைக்கும் களஞ்சியத்தை விட்டுவிட்டு பில்ட் கணினியில் ஒரு சின்ன நிரலை ஒளித்துவைத்தார்கள். ஓரியன் கம்பைல் ஆகத் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. தொடங்கியதும் ஒரேயொரு கோப்பை எடுத்துவிட்டு, பின்கதவு (திருட்டு நுழைவழி) உள்ள கோப்பை அந்த இடத்தில் வைக்கும். கம்பைல் முடிந்ததும் பழைய கோப்பைத் திரும்ப வைத்துவிடும். மாற்றுவதற்கு முன் அது சரியான கோப்புத்தானா என்று அதன் ஹாஷை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எழுத்துச்சரத்தை, பார்த்தது. கம்பைலர் எச்சரிக்கை ஒன்றுகூட எழக்கூடாதென்று அதற்கும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பில்ட் உடைந்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, அதனால்தான் அவ்வளவு கவனம்.

அப்படி வந்த பொதியில் நிறுவனம் தன் உண்மையான கையொப்பத்தை வைத்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களிடம் அது போய்ச் சேர்ந்தது. 2020 டிசம்பரில் ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம் தனக்குள் நடந்த ஊடுருவலைத் துருவிக்கொண்டு போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

கோடை இன்னொருவர் வாசித்துச் சரிபார்த்தால் போதாதா?

வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் மேலே சொன்ன சம்பவத்தில் களஞ்சியத்தில் இருந்த கோடை வரிக்கு வரி வாசித்திருந்தாலும் ஒன்றும் அகப்பட்டிருக்காது. கெட்ட கோப்பு கம்பைல் ஆகும் நேரத்துக்கு மட்டும்தான் அங்கே இருந்தது.

எக்ஸ்இசட் கதையும் இதற்குச் சொந்தம்தான். லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருக்கும் ஒரு சுருக்கும் நூலகம் அது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021இலிருந்து பொறுமையாக உதவிசெய்து, நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பாளர் ஆனார். 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். எல்லோரும் பார்க்கும் கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியத்தில் சோதனைக் கோப்புகள் போல மாறுவேடத்தில் ஒரு பகுதி இருந்தது. அதைத் தட்டி எழுப்பும் பில்ட் வரிகளோ வெளியீட்டுப் பொதிக்குள் மட்டுமே இருந்தன. கோடை வாசித்தவர்கள் கண்டது ஒன்று, பில்ட் ஆனது வேறொன்று.

அதைக் கண்டுபிடித்தவர் ஆந்த்ரஸ் ஃபிராயிண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். எஸ்எஸ்எச் உள்நுழைவு, அதாவது தூரத்துக் கணினிக்குள் நுழையும் வழி, வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று யோசித்தார். பெரும்பாலானோர் விட்டுவிடும் அரை விநாடி அது. அவர் தோண்டினார். 2024 மார்ச் 29இல் உலகத்துக்குச் சொன்னார்.

ரகசியம், டோக்கன் என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அது ஏன் இவ்வளவு முக்கியம்?

பைப்லைனுக்கு வெளியே அனுப்பும் அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் ஒரு நீண்ட எழுத்துச்சரமாக, அதாவது டோக்கனாக இருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த நேரத்துக்கு நிறுவனம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது வேறொரு இடத்தில் இருந்தேன். ஒரு பைப்லைன் இரண்டு நாளாக உடைந்துகொண்டே இருந்தது. காரணம் பிடிபடவில்லை. சரி, பைப்லைனுக்குக் கொடுத்திருக்கும் அமைப்பு மதிப்புகளான எல்லாச் சூழல் மாறிகளையும் அச்சிட்டுப் பார்ப்போம் என்று ஒரு வரி சேர்த்தேன். ரகசியங்கள் லொக்கில், அதாவது ஓட்டப் பதிவில், நட்சத்திரக் குறியாக மறைக்கப்படும் என்று நம்பினேன். மறைப்பு வேலை செய்யத்தான் செய்தது, ஆனால் சேமித்துவைத்த சரம் அதே வடிவில் வந்தால் மட்டும். எங்கள் கிளவுட் சாவி பல வரி ஜேசன் கோப்பு. அச்சிடும்போது வரிகள் பிரிந்து வடிவம் மாறிவிட்டது. முழுச் சாவியும் லொக்கில் அப்படியே கிடந்தது, வெளி ஒப்பந்தக்காரர்களும் பார்க்கக்கூடிய லொக்கில்.

மறுநாள் காலையில் என் மேலதிகாரி அண்ணா அதைக் கண்டார். சத்தம் போடவில்லை. "முதலில் சாவியைக் கொல்லு, அப்புறம் பேசுவோம்" என்றார். பழையதை இரத்துச் செய்தோம், புதியதைக் கொடுத்தோம், அந்தச் சாவி இரவில் எங்கிருந்தாவது பாவிக்கப்பட்டதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். பாவிக்கப்படவில்லை. லொக்கை அழித்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. ஒருதரம் வெளியே தெரிந்த சாவி செத்த சாவி. இதை அன்றைக்குக் கற்றேன்.

இப்போது முடிந்த இடமெல்லாம் நிரந்தரச் சாவியே வைப்பதில்லை. ஓஐடிசி என்ற முறையில், "நான் இந்தக் களஞ்சியத்தின் இந்தக் கிளையிலிருந்து ஓடுகிறேன்" என்று பைப்லைன் நிரூபிக்கும். கிளவுட் அதைச் சரிபார்த்து, கொஞ்ச நேரத்தில் தானாகக் காலாவதியாகும் அனுமதி ஒன்றைக் கொடுக்கும். திருடினாலும் திருடனுக்கு அதிக நேரம் உதவாது.

வேறு யாரோ எழுதிய துணைக்கருவியை பைப்லைனில் சேர்ப்பது ஆபத்தா?

சேர்க்காமல் வேலை நடக்காது. எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கிட்ஹப் எக்ஷன்ஸில் ஒரு கருவியைக் கூப்பிடும்போது "பதிப்பு 4" என்று எழுதலாம். அது ஒரு டேக், வெறும் பெயர்ப்பலகை. பலகையைக் கழற்றி வேறு வாசலில் மாட்டலாம். 2025 மார்ச்சில் டிஜே-எக்ஷன்ஸின் "சேஞ்ச்ட் ஃபைல்ஸ்" என்ற கருவியில் அதுதான் நடந்தது. 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் அதைப் பாவித்துக்கொண்டிருந்தன. தாக்கியவர்கள் பழைய டேக்குகளையெல்லாம் ஒரு கெட்ட கொமிட்டை நோக்கித் திருப்பினார்கள். அது ரன்னரின் நினைவகத்திலிருந்த ரகசியங்களைத் தோண்டி லொக்கில் கொட்டியது. பொதுக் களஞ்சியம் என்றால் அந்த லொக்கை யாரும் வாசிக்கலாம்.

டேக்குக்குப் பதிலாக 40 எழுத்துள்ள முழுக் கொமிட் ஹாஷை எழுதியிருந்தவர்களுக்குப் பலகையை மாற்றியதால் பாதிப்பு இல்லை. ஹாஷ் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லுவார்கள், இருக்கட்டும். நூலகங்களுக்கும் இதே கதைதான், பதிப்பைப் பூட்டிவைக்கும் கோப்பு இல்லாமல் பில்ட் செய்ய நான் விடமாட்டேன்.

இறக்கியதைச் சரிபார்ப்பதால் உண்மையில் யாராவது எதையாவது பிடித்திருக்கிறார்களா?

பிடித்திருக்கிறார்கள். கோட்கவ் என்ற நிறுவனத்தின் ஒரு ஸ்கிரிப்டை உலகெங்கும் பைப்லைன்கள் இறக்கி ஓட்டின. 2021 ஜனவரி 31இலிருந்து அந்த ஸ்கிரிப்டுக்குள் யாரோ சேர்த்த வரி ஒன்று, பைப்லைனின் சூழல் மாறிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் அப்படியே போனது. ஏப்ரல் 1இல் ஒரு வாடிக்கையாளர், தான் இறக்கிய கோப்பின் ஹாஷும் கிட்ஹப்பில் போட்டிருக்கும் ஹாஷும் ஒத்துப்போகவில்லை என்று சொன்னார். அதோடு முடிந்தது.

அதை வாசித்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தார். கொழுந்து நிறுக்கும்போது தராசைத் தானே எட்டிப் பார்ப்பார். காலை நிறுவை எத்தனை கிலோ, பின்நேரம் எத்தனை என்று மனதில் வைத்திருப்பார். மாதக் கடைசியில் சம்பளத் துண்டைக் கொண்டுவந்து என்னை வாசிக்கச் சொல்லி ஒப்பிடுவார். கணக்கப்பிள்ளை மேல் சந்தேகம் இருந்ததால் இல்லை. பார்ப்பது அவர் வழக்கம்.

கையொப்பம் வைத்த மென்பொருள் என்றால் நம்பலாம்தானே?

யார் கட்டினார் என்பதை மட்டும்தான் கையொப்பம் சொல்லும். என்ன கோடிலிருந்து, எந்தக் கணினியில், எப்படிக் கட்டினார் என்பதைச் சொல்லாது. சோலார்விண்ட்ஸ் பொதியிலும் கையொப்பம் சரியாகத்தானே இருந்தது?

தேயிலைச் சாக்கைப் பாருங்கள். தோட்டத்தின் பெயர், தரம், இன்வொய்ஸ் இலக்கம், எடை. கொழும்பு ஏலத்தில் வாங்குகிறவர் அதை வைத்து இது எந்த ஸ்டோரில் எந்தத் தொகுதியில் வந்தது என்று பின்னோக்கிப் போகலாம். மென்பொருளுக்கும் அப்படியொரு சீட்டு வேண்டும். நாங்கள் அதை மூலச்சான்று என்போம். இந்தப் பொதி, இந்தக் கொமிட்டிலிருந்து, இந்த ரன்னரில், இந்தக் கட்டளைகளால் உருவானது என்று பில்ட் தளமே எழுதிக் கையொப்பம் வைக்கும் ஆவணம் அது.

இதற்கு சல்ஸா என்று ஒரு தரநிலை இருக்கிறது. 2021இல் கூகுள் தொடங்கியது, 2023இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. அதன் பில்ட் படிநிலைகளில் ஒன்றாம் படிக்கு மூலச்சான்று இருந்தால் போதும். இரண்டில் அதற்குப் பில்ட் தளத்தின் கையொப்பம் வேண்டும். மூன்றில், பில்ட் ஓடும் இடத்திலிருந்து கையொப்பச் சாவியை எட்டவே முடியாதபடி பிரித்துவைத்திருக்க வேண்டும். ஒரு குழு ஒன்றாம் படியிலிருந்து இரண்டுக்குப் போவதற்கே மாதங்கள் பிடிக்கும். போகலாம், அவசரமில்லை. ஆனால் ஒன்றிலேயே நின்றுவிட்டு முடிந்தது என்று சொல்லக்கூடாது.

ஒரே கோடை இரண்டு தரம் பில்ட் செய்தால் ஒரே பொதிதானே வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்ட தங்கச்சியிடம் செய்து பார்க்கச் சொன்னேன். நீங்களும் செய்யுங்கள். ஒரு சின்னத் திட்டத்தை எடுத்து பில்ட் செய்து, வந்த ஸிப் கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹாஷைக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அதே கோடை மறுபடி பில்ட் செய்யுங்கள். பெரும்பாலும் ஹாஷ் வேறாக இருக்கும். கோட் ஓர் எழுத்தும் மாறவில்லை. பின் எப்படி?

அந்தப் பிள்ளை இரண்டு பொதிகளையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடினாள். முதலில் கிடைத்தது நேரம். ஸிப் கோப்பு உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் எழுதிவைக்கிறது. அதை "சோர்ஸ் டேட் ஈபொக்" என்ற மாறியால் கொமிட் நேரத்துக்கு நிலைநிறுத்தினாள். இன்னும் வேறுபாடு. அடுத்தது கோப்புகளின் வரிசை, கணினிக்குக் கணினி மாறியது. அகர வரிசையில் அடுக்கினாள். கடைசியாகத் தன் வீட்டுக் கணினியின் கோப்புறைப் பாதை பொதிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதையும் நீக்கிய பிறகு அவள் மடிக்கணினியிலும் என்னுடையதிலும் ஒரே ஹாஷ் வந்தது. 64 எழுத்தையும் அவள் சத்தமாக வாசிக்க வாசிக்க நான் என் திரையில் விரல் வைத்துப் பார்த்தேன்.

இப்படி மறுஉருவாக்கம் செய்யக்கூடிய பில்டை டெபியன் என்ற லினக்ஸ் வகை போன்ற திட்டங்கள் பல வருடமாகப் பாடுபட்டு வளர்க்கின்றன. இரண்டு தனித்தனிக் கணினிகள் ஒரே விடையைத் தந்தால், ஒரு கணினிக்குள் ஒளிந்திருக்கும் திருடனுக்கு மறைய இடம் குறையும். முழுவதும் இல்லாமல் போகாது. கம்பைல் செய்யும் நிரலான கம்பைலரையே கெடுத்தால் என்ன செய்வது என்று, யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984இலேயே தன் டியூரிங் விருது உரையில் கேட்டுவிட்டார்.

உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் இரவு ஓடிய பில்டுகளைப் பார்ப்பேன். அப்புறம் பைப்லைன் கோப்பில் யாராவது மாற்றம் கேட்டிருந்தால் அதை வாசிப்பேன். சாதாரணக் கோடைவிட இதற்குத்தான் அதிக நேரம் எடுப்பேன். வெளியாள் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட், அதாவது தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை, ரகசியங்கள் இருக்கும் ஜொப்பை (பைப்லைனின் ஒரு பணியை) தூண்டிவிட முடியுமா என்பதை ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். பின்நேரம் பேச்சுத்தான், டெவலப்பர்களோடு.

டெவலப்பர்கள் உங்கள்மேல் கோபப்படமாட்டார்களா?

படுவார்கள். வேலை முடித்து வீட்டுக்குப் போகும் நேரத்தில் பில்டை நிறுத்தினால் யாருக்கும் கோபம் வரும். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன். நிறுத்தும் ஒவ்வொரு செய்தியிலும் ஏன் நின்றது, என்ன செய்தால் ஓடும் என்ற இரண்டும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது வரி இல்லாத காவலை மனிதர்கள் சுற்றிக்கொண்டு போகத்தான் வழி தேடுவார்கள்.

இலங்கையில் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறதா?

நம் நிறுவனங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கு எழுதுகின்றன. அங்கே சட்டம் மாறினால் இங்கே வேலை மாறும். 2021 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதியின் 14028ஆம் இலக்கக் கட்டளை, மென்பொருளுக்குள் என்னென்ன நூலகம் இருக்கிறது என்ற பொருட்பட்டியலைப் பேச்சின் மையத்துக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, அதன் பிரதான கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து கட்டாயமாகும். ஆகவே "எப்படிக் கட்டினீர்கள், காட்டுங்கள்" என்ற கேள்வி இங்கேயும் வரும். காட்டத் தெரிந்த ஆள்கள் வேண்டும்.

மலையகத்தில் இருந்துகொண்டே செய்யலாமா?

நான் செய்கிறேன். பில்ட் ஓடுவது தூரத்து கிளவுட்டில், என் மேசையில் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாள்களிலும் பைப்லைன் ஓடியது. அதைப் பார்க்க எனக்குத்தான் வெளிச்சம் இல்லை. அடைமழைக் காலத்தில் ஃபைபர் அறுந்தால் போனை வைத்துச் சமாளிப்பேன். இரண்டு வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருங்கள்.

இணையத்தைவிட எனக்குக் கவலை மடிக்கணினிதான். 2023 ஜனவரியில் சேர்க்கிள்சிஐ என்ற பில்ட் சேவை, தன் வாடிக்கையாளர் எல்லோரையும் ரகசியங்களை மாற்றச் சொன்னது. காரணம், ஒரு பொறியியலாளரின் மடிக்கணினியில் புகுந்த தீநிரல், ஏற்கெனவே உள்நுழைந்திருந்த அமர்வைத் திருடியதுதான். அந்த அமர்வு, கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கும் இரண்டாம் காரணிச் சோதனையை ஏற்கெனவே தாண்டியிருந்தது. வீட்டில் தம்பி கேம் விளையாடும் கணினியில் வேலைக் கணக்கைத் திறக்காதீர்கள். கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.

பட்டம் இல்லாமல் முடியுமா? ஆங்கிலம்?

கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி (தகவல் தொழில்நுட்ப) வெளிவாரிப் பட்டத்தை வீட்டிலிருந்து படித்து வந்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன், நல்ல பொறியியலாளர்கள். லினக்ஸ், கிட், ஒரு நிரல்மொழி, வலையமைப்பின் அடிப்படை, இந்த நான்கும் கையில் இல்லாமல் எந்தப் பட்டமும் உதவாது.

ஆங்கிலம் வாசிக்க வேண்டும், வேறு வழியில்லை. பேச்சு மெல்ல வரும். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்வது தமிழில்தான் நடக்கிறது என்றால் தமிழிலேயே யோசியுங்கள், தமிழிலேயே குறிப்பு எழுதுங்கள். நான் இன்றும் தாக்குதல் பாதைகளைத் தமிழில்தான் வரைகிறேன்.

எதிலிருந்து தொடங்கட்டும்?

கிட்ஹப்பில் ஒரு பொதுக் களஞ்சியம், அதில் ஒரு சின்ன பைப்லைன். அப்புறம் நீங்களே அதற்குத் திருடனாக இருங்கள். இந்த ஜொப்புக்கு எழுதும் அனுமதி ஏன் வேண்டும்? இந்தக் கருவி நாளைக்குக் கெட்டுப்போனால் எதை எட்டும்? கண்ட ஓட்டையை ஒவ்வொன்றாக அடைத்து, ஒவ்வொரு அடைப்புக்கும் கொமிட் செய்தியில் காரணம் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அந்த வரலாற்றைத்தான் நான் முதலில் வாசிப்பேன்.

செய்து முடித்தால் பார்ப்பீர்களா அக்கா?

பார்ப்பேன். சனிக்கிழமை கொண்டு வாருங்கள். வருவதற்கு முன் களஞ்சியத்தின் பழைய கொமிட்டுகளில் டோக்கன் ஏதும் கிடக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அழிப்பதற்கு முன் அதை இரத்துச் செய்துவிட்டு வாருங்கள்.